மதுரைப் பக்கம் ஆசாரி வைத்து மர வேலை: நிலை முதல் ஓட்டுக்கூரை வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலம் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கீல், தாழ்ப்பாள், ஹோல்டுஃபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை), பிளைவுட் வாங்க வீடு கட்டுகிறவர் வருவார். கொஞ்ச நேரத்தில் அதே சாமானுக்கு அவர் வீட்டு ஆசாரியும் வருவார். இரண்டு பக்கத்துப் பேச்சும் என் காதில் விழும். வீட்டுக்காரர்கள் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். சண்டை வருவது அநேகமாக அளவிலும், முன்கூட்டிப் பேசாமல் விட்டதிலும்தான். அந்த இடங்களில் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

மர வேலைக்கு ஒரே ஆசாரி போதுமா, இல்ல ஒவ்வொண்ணுக்கும் வேற ஆளா?

நிலை, கதவு, ஜன்னல் செய்கிறவர் ஒரு வகை. பிளைவுட்டில் அலமாரி, கிச்சன் கபோர்டு செய்கிறவர் இன்னொரு வகை. ஓட்டுக்கூரைக்குக் கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்ந்த மரம்) ஏற்றத் தெரிந்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். கிராமத்தில் பெரியவர்களிடம் விசாரித்தால்தான் ஆள் கிடைக்கும். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்களும், பாலிஷ் போடுகிறவரும் தனி.

எல்லாம் செய்வேன் என்று ஒருவர் சொன்னால் தப்பில்லை. பலர் ஒரு வேலையைத் தானே செய்து, மற்றதைத் தெரிந்தவரிடம் கொடுத்து வாங்குவார்கள். எதை நீங்களே செய்வீர்கள், எதற்கு ஆள் கூட்டி வருவீர்கள் என்று நேராகக் கேளுங்கள். நல்ல ஆசாரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

நல்ல ஆசாரிய எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாரும் போன்ல போட்டோ காட்டுறாங்க.

போட்டோவில் வார்னிஷ்தான் தெரியும். அவர் செய்து இரண்டு மழைக்காலம் பார்த்த கதவு எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து கையை எடுங்கள். தானாக மூடினாலோ தானாகத் திறந்தாலோ நிலை தூக்கில், அதாவது நேர் செங்குத்தாக, இல்லை, இல்லையென்றால் கீல் ஒரே நேர்கோட்டில் இல்லை. நிலையின் மேல் மூலையில் இரண்டு கட்டையும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே பட்டியை அப்பி மறைத்திருந்தால் கூட்டு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அப்புறம் அந்த வீட்டு அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மழையில் கதவு இறுகியபோது கூப்பிட்டால் வந்தாரா? என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

விசாரிக்கத் தோதான இடம் மர அறுவை மில். யார் மரத்தைப் புரட்டிப் பார்த்து எடுக்கிறார், யார் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு போகிறார் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

நிலை, லிண்டல், பில்லர், பீம்னு சொல்றாங்க. எது எதைத் தாங்குது?

மாடியின் பாரம் முதலில் தளத்தில் இறங்குகிறது. தளத்திலிருந்து பீமுக்கும், பீமிலிருந்து பில்லருக்கும், பில்லரிலிருந்து அஸ்திவாரத்துக்கும் போகிறது. பில்லர் போடாத வீட்டில் செங்கல் சுவரே அந்த வேலையைச் செய்கிறது. சுவரில் வாசலுக்கும் ஜன்னலுக்கும் இடம் விட்டால், அதற்கு மேலே இருக்கும் செங்கல்லின் பாரத்தை, வாசலின் தலைக்கு மேல் குறுக்கே போடும் லிண்டல் வாங்கி இரண்டு பக்கச் சுவருக்கும் கொடுக்கும். அதற்காகத்தான் லிண்டல் வாசலின் இருபுறமும் குறைந்தது 6 அங்குலமாவது சுவரில் ஏறி உட்கார வேண்டும் என்பது.

மர நிலைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அது கதவைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். நிலையின் மேல்கட்டை நடுவில் தொய்ந்து கதவு இடிக்கிறது என்றால், லிண்டல் பாரத்தை வாங்காமல் நிலையின் மேல் உட்கார்ந்துவிட்டதா என்று கொத்தனாரை வைத்துப் பாருங்கள். மரத்தை மட்டும் மாற்றினால் அடுத்த கட்டையும் தொய்யும்.

யூடியூப்ல அமெரிக்காவுல முழு வீட்டையும் மரச்சட்டத்துலயே கட்டுறாங்க. நம்ம ஊர்ல அப்படிக் கட்டலாமா?

அங்கே சுவர் என்பதே மரச்சட்டம்தான். 2-க்கு 4 என்று பெயர் சொல்லும் சட்டத்தை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, மேலும் கீழும் கட்டை அடித்து, பலகையால் மூடிவிடுவார்கள். இழைத்து வரும்போது அந்தச் சட்டம் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். வேகமாக வளரும் பைன் மரமும், மில்லிலேயே காய வைத்து ஒரே அளவில் அறுத்து வரும் ஏற்பாடும் அங்கே இருப்பதால் அது கட்டுபடியாகிறது.

மதுரைப் பக்கம் குடியிருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கரையான் ஒரு காரணம், மரத்தின் விலை இன்னொரு காரணம். அதோடு அந்தக் கட்டுமானம் தெரிந்த ஆசாரிகள் இங்கே இல்லை. மாடியில் ஒரு சின்னக் கொட்டகை, தோட்டத்தில் ஒரு அறை என்றால் தாராளமாகச் செய்து பார்க்கலாம்.

நிலைக்கு என்ன மரம் வாங்கலாம்? எல்லாரும் தேக்குதான்னு சொல்றாங்க.

தலைவாசலுக்குத் தேக்கு வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். மழைக்கும் வெயிலுக்கும் குறைவாக அசைகிற மரம் அது. ஆனால் தேக்கு என்ற பேருக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். வைரம் பாய்ந்த நடுக்கட்டைதான் கரையானைத் தாங்கும். ஓரத்தில் வெளுத்து வரும் வெள்ளைப் பகுதியை, தேக்காகவே இருந்தாலும், பூச்சி தின்னும். சட்டத்தின் நான்கு முகத்தையும் புரட்டிப் பாருங்கள். வெள்ளை கால் பாகத்துக்கு ஏறியிருந்தால் அந்தச் சட்டம் தலைவாசலுக்கு வேண்டாம்.

பர்மா தேக்கு என்று சொல்லி உருட்டுக்கட்டையைக் காட்டினால் யோசியுங்கள். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு கானா, நைஜீரியா, கோஸ்டாரிகா, ஈக்குவடார் போன்ற நாடுகளிலிருந்து தோட்டத் தேக்குதான் அதிகம் வருகிறது. அதில் நல்ல கட்டையும் உண்டு, இளசாக வெட்டிய கட்டையும் உண்டு. ஊர்ப் பெயரைப் பார்க்காமல் கட்டையைப் பாருங்கள்.

உள் அறைகளுக்கு வேம்பு போதும். கிராமத்தில் அந்தக் காலத்திலிருந்து வேப்ப நிலை போட்டிருக்கிறார்கள். நன்றாக முற்றிய மரமாகவும் காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். வேங்கை உறுதியான மரம், எடை அதிகம். குளியலறைக்கு எந்த மரமும் வேண்டாம் என்பேன். கல் நிலையோ, தண்ணீர் பாதிக்காத பிளாஸ்டிக் கலவை நிலையோ போட்டுவிடுங்கள்.

எங்க தோட்டத்துலயே தேக்கு நிக்குது. வெட்டிக்கலாமா?

பட்டா நிலமாக இருந்தாலும் முதலில் வனச்சரக அலுவலகத்தில் விசாரியுங்கள். 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டியில் ஏற்றினால் வழியில் மடக்குவார்கள். வெட்டியவுடன் நிலைக்கு ஆகாது, காய வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கன அடின்னா என்ன? மரக்கடைல சொல்ற கணக்கு ஒண்ணும் புரியல.

அறுத்த சட்டத்துக்குக் கணக்கு சுலபம். அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. மூன்றரைக்கு ஏழு அடி தலைவாசலை எடுத்துக்கொள்வோம். நிமிர்ந்த கால் இரண்டு ஏழு அடி, மேல்கட்டையும் கீழ்ப்படியும் மூன்றரை அடி, ஆக மொத்தம் 21 அடி. 5-க்கு 3 சட்டம் என்றால் 5 × 3 × 21 = 315. அதை 144-ஆல் வகுத்தால் 2.19 கன அடி. அதே நிலையை 5-க்கு 4-ல் செய்தால் 2.92 கன அடி. ஒரு அங்குலக் கனத்துக்கு மூன்றில் ஒரு பங்கு காசு கூடுகிறது. கீழ்ப்படிக்குக் கல் போடுவதாக இருந்தால் மரம் 17.5 அடியாகக் குறையும். மேல்கட்டையைச் சுவருக்குள் போக இருபுறமும் நீட்டி விடச் சொன்னால் அந்த நீளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உருட்டுக்கட்டைக்குக் கணக்கு வேறு. சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுப்பார்கள். 48 அங்குலச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள கட்டை 12 × 12 × 10 ÷ 144, அதாவது 10 கன அடி. உண்மையில் அந்தக் கட்டைக்குள் கிட்டத்தட்ட 12.7 கன அடி இருக்கும். மீதியைப் பட்டைக்கும் அறுவைக் கழிவுக்கும் விட்டுக்கொடுக்கிற கணக்கு இது. அப்படியிருந்தும் அறுத்து, வெள்ளையைக் கழித்தால் கைக்கு வரும் சட்டம் 10 கன அடிக்குக் கீழேதான் நிற்கும். உருட்டின் விலையையும் சட்டத்தின் விலையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, உருட்டு மலிவு என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

5-க்கு 3-ன்னு காசு வாங்கிட்டு, நிலையை அளந்தா நாலே முக்கால்தான் இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. மேலே சொன்ன கணக்கு அறுத்த அளவுக்கு. இழைப்புளி ஓட்டி வழவழப்பாக்கும்போது இரண்டு முகத்திலும் கொஞ்சம் போகும். கால் அங்குலம் குறைவது இயல்பு. அரை அங்குலத்துக்கு மேல் போனால்தான் கேட்க வேண்டும். ஒன்று மில்லிலேயே குறைத்து அறுத்திருப்பார்கள், இல்லை சட்டம் முறுக்கி இருந்து, அதை நேராக்க அதிகமாக இழைத்திருப்பார்கள். மரம் வந்து இறங்கியதும் டேப்பை வைத்து நீங்களே ஒரு முறை அளந்து எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் இந்தப் பேச்சே வராது.

மரம் காய்ஞ்சதா, பச்சையான்னு எப்படித் தெரியும்?

ஒரே அளவுச் சட்டம் இரண்டைக் கையில் தூக்கினால் பச்சைக்கட்டை கனக்கும். இழைத்த சுருளைக் கையில் கசக்கிப் பாருங்கள். காய்ந்த மரத்தின் சுருள் நொறுங்கும், பச்சை மரத்தின் சுருள் துவண்டு ஈரமாக ஒட்டும். சட்டத்தின் முனையில் புதிதாக வெடிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அது இன்னும் காய்ந்து முடியவில்லை. சில மில்களில் ஈரம் காட்டும் சின்னக் கருவி இருக்கிறது, கேட்டால் வைத்துக் காட்டுவார்கள்.

பச்சைக்கட்டை காயும்போது குறுக்கேதான் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. அதனால்தான் பச்சையில் செய்த கதவில் பலகைகளுக்கு நடுவே சந்து விழுகிறது, உயரமோ அப்படியே இருக்கிறது. வாங்கிய மரத்தை வேலைக்கு முன்னால் நிழலில், தரையில் படாமல், இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கிக் காற்றாட விடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நேரே போட்டால் வேகமாகக் காயும்தான், ஆனால் முறுக்கிக்கொள்ளும்.

மரத்தை நான் வாங்கவா, ஆசாரியே வாங்கட்டுமா?

காசை நீங்கள் கொடுங்கள், மரத்தை அவர் பொறுக்கட்டும். இருவரும் சேர்ந்து போவதுதான் சரி. தனியாகப் போய் நீங்கள் வாங்கி வந்தால், கதவு கோணினால் மரம் சரியில்லை என்பார். அவரே வாங்கினால், கடையில் அவருக்கு ஏதும் கிடைக்கிறதோ என்று உங்கள் மனது அரிக்கும். சில கடைகளில் ஆள் கூட்டி வருகிறவருக்குக் கமிஷன் உண்டு என்பது ஊர் அறிந்த விஷயம். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். மரம் பார்க்க வரும் நாளுக்கு அவருக்கு ஒரு கூலி கொடுத்துவிடுங்கள். அரை நாள் வேலையை விட்டு வருகிறார்.

நாள் கூலியா பேசலாமா, மொத்தமா பேசலாமா?

அளவு முன்கூட்டித் தெரிகிற வேலைக்கு மொத்தம். ஆறு நிலை, எட்டு ஜன்னல், நான்கு கதவு என்றால் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசிவிடலாம். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற வேலைக்கு நாள் கூலி. பழைய கூரை, கரையான் அரித்த கதவு எல்லாம் இந்த வகை. அதை மொத்தமாகப் பேசினால் அவர் பயந்து கூட்டிச் சொல்வார், அல்லது குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் திணறுவார்.

மொத்தமாகப் பேசும்போது எது எது சேர்த்தி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கீல், தாழ்ப்பாள் மாட்டுவது சேர்த்தியா? கதவுக்குப் பூட்டு குடைவது? ஜன்னல் கம்பி கோப்பது? மில்லிலிருந்து வண்டிக் கூலி? மரத்தூளைக் கூட்டி அள்ளுவது? கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் என் கடை வாசலில் நடந்த வாக்குவாதங்களில் அதற்கும் பங்கு உண்டு.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்? எழுதி வாங்கணுமா?

மரம் நீங்கள் வாங்குவதாக இருந்தால் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம் போதும். அப்புறம் நிலை நின்றதும் ஒரு பங்கு, கதவு மாட்டியதும் ஒரு பங்கு என்று வேலையோடு பணம் நகரட்டும். கடைசிப் பங்கைத் தாழ்ப்பாள் எல்லாம் விழுகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். வேலை முடிந்த அன்றே கொடுங்கள். நாளை வாருங்கள் என்று இழுத்தடிக்கும் வீட்டுக்கு மழைக்காலத்தில் ஆசாரி ஏன் வருவார்?

எழுத வேண்டும். ஸ்டாம்பு பேப்பர் வேண்டாம், ஒரு வெள்ளைத்தாள் போதும். தேதி, உருப்படி, அளவு, மரம், கூலி, எது சேர்த்தி என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "என்னண்ணே, நம்பிக்கை இல்லையா" என்று அவர் கேட்டால், "எனக்கு மறதிண்ணே, அதுக்குத்தான்" என்று சொல்லி எழுதிவிடுங்கள். இந்தத் தாள் அவரையும் காப்பாற்றும். பின்னால் இதையும் சேர்த்துச் செய்யுங்கள் என்று வீட்டுக்காரர்கள் கூட்டிக்கொண்டே போவதும் நடக்கிறது.

எந்த மாசம் கூப்பிட்டா ஆள் கிடைக்கும்?

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தத்துக்குக் கிரகப்பிரவேசம் வைக்கிறவர்கள் அதிகம். அதற்கு முந்தைய ஒன்றரை மாதம் எந்த ஆசாரியும் நிற்க நேரமில்லாமல் ஓடுவார். பால் காய்ச்ச அவசியமில்லாத வேலையை, அதாவது அலமாரி, பரண் கதவு போன்றவற்றை, முகூர்த்தம் முடிந்த பிறகு தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல், சித்திரைத் திருவிழா, ஆயுத பூஜை, தீபாவளி நாட்களை வேலை நாளாக எண்ண வேண்டாம்.

நிலை வைக்கிற அன்னைக்கு நான் என்ன பார்க்கணும்?

மஞ்சள், குங்குமம், மாவிலை, நவதானியம், ஆசாரிக்கு வேட்டி துண்டும் தட்சணையும் என்பது வீட்டு வழக்கப்படி. அதை முடித்து நல்ல நேரத்தில் நிலையை நிறுத்திவிட்டு, எல்லோரும் காபி குடிக்கப் போகும் முன் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் மூலைவிட்டம். நிலையின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கும், வலது மேலிருந்து இடது கீழுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றரைக்கு ஏழு அடி நிலையில் கிட்டத்தட்ட 7 அடி 10 அங்குலம் வரும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் நிலை சாய்சதுரமாக நிற்கிறது, கதவைச் செதுக்கிச் செதுக்கித்தான் மாட்டுவார்கள். இரண்டாவது, தூக்குக்குண்டு. காலின் உள்முகத்திலும் முன்முகத்திலும் இரண்டு திசையிலும் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு திசையில் மட்டும் பிடித்துவிட்டு விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மூன்றாவது, இரண்டு கால்களையும் பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு கால் இன்னொரு காலை முழுசாக மறைக்க வேண்டும். மறைக்காவிட்டால் நிலை முறுக்கி நிற்கிறது.

பக்கத்துக்கு மூன்று ஹோல்டுஃபாஸ்ட், கான்கிரீட்டில் பதித்து. நிலையின் நடுவில் ஒரு குறுக்குக்கட்டையைத் தற்காலிகமாக அடித்து வைக்கச் சொல்லுங்கள். சுவர் கட்டும்போது கால்கள் உள்ளே வளையாது.

கரையானுக்கு என்ன செய்றது? நிலைக்கு மருந்து அடிச்சா போதுமா?

கரையான் மண்ணிலிருந்து வருகிறது. அதனால் அஸ்திவாரத்திலும் தரைக்கு அடியிலும் மருந்து அடிப்பதுதான் முதல் வேலை. ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதி இதற்காகவே இருக்கிறது. மருந்து அடிக்க வருகிறவரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

நிலையில் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு இடம். சுவரைத் தொடும் பின்முகம், தரையைத் தொடும் கால் முனை. நிறுத்துவதற்கு முன்னாலேயே இந்த இரண்டுக்கும் மருந்தும் பிரைமரும் பூசியாக வேண்டும், பின்னால் கை போகாது. கால் முனை மண்ணிலோ சிமெண்டிலோ புதையக் கூடாது, கருங்கல் மேல் நிற்கட்டும். பழைய வீடுகளில் வாசல்படியைக் கல்லில் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சுவருக்குத் தண்ணீர் ஊற்றும் நாட்களில் நிலையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வையுங்கள்.

மழை வந்தா கதவு இறுகுது, வெயில்ல சரியாயிடுது. இழைச்சுவிடலாமா?

மரம் ஈரத்தை வாங்கி அகலத்தில் வீங்குகிறது. ஐப்பசி மழையில் இறுகிய கதவை அன்றே ஓங்கி இழைத்தால், பங்குனியில் காற்று புகும் அளவுக்குச் சந்து விழும். இறுகும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, கொஞ்சமாக மட்டும் இழைக்கச் சொல்லுங்கள். இழைத்த இடத்தை வெறும் மரமாக விடாமல் அன்றே வார்னிஷ் பூச வேண்டும். கதவின் அடிவிளிம்பையும் மேல்விளிம்பையும் பாலிஷ்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஈரம் ஏறுவது அங்கேதான். கீல் மாட்டும் முன் அந்த இரண்டு விளிம்பையும் பூசிவிடச் சொல்லுங்கள்.

இழைப்பதற்கு முன் கீலின் திருகாணியையும் பாருங்கள். ஏழு அடிக் கதவுக்கு மூன்று கீல், கனத்த தலைவாசலுக்கு நான்கு. மேல் கீல் தளர்ந்து கதவு தொங்கினாலும் இதே மாதிரிதான் இடிக்கும்.

தாத்தா காலத்து ஓட்டு வீடு. கூரை நடுவுல தொய்ஞ்சிருக்கு. முழுசா மாத்தணுமா?

கூரைச் சட்டத்தைக் கீழிருந்து மேலே பாருங்கள். சுவரின் தலையில் படுத்திருக்கும் கட்டை, அறையைக் கடந்து போகும் உத்திரம், உச்சியில் மோட்டுவளை, மோட்டிலிருந்து சுவருக்கு இறங்கும் கைமரங்கள், அவற்றின் மேல் குறுக்கே ரீப்பர், அதன் மேல் ஓடு. சீமை ஓடு என்று நாம் சொல்வது மங்களூர் ஓடு. 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. ஓடு ஒன்று இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். அத்தனையும் கைமரத்தின் மேல்தான்.

தொய்வு எங்கே என்பதைப் பொறுத்துத்தான் வேலை. ஓட்டு வரிசை மட்டும் அலை அலையாக இருந்தால் ரீப்பர் போயிருக்கிறது, செலவு குறைவு. ஒரு பக்கம் மட்டும் பள்ளம் என்றால் ஒன்றிரண்டு கைமரம். மோடே நடுவில் தாழ்ந்திருந்தால் மோட்டுவளையோ, அதைத் தாங்கும் உத்திரமோ விட்டிருக்கிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. கைமரத்தின் கீழ்முனை, அதாவது சுவரில் உட்காரும் இடம், ஒழுகி ஒழுகி உளுத்திருக்கும். கூரான உளியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த மரம் போச்சு. நடுப்பகுதி நன்றாக இருந்து முனை மட்டும் கெட்டிருந்தால், பக்கத்தில் புதுத் துண்டு வைத்து போல்ட் போட்டு இணைக்க முடியும். பழைய பனங்கைகளில், அதாவது பனைமரக் கைமரங்களில், பல இன்னும் உறுதியாக இருக்கும். மரத்தைப் பிரிக்கும் முன் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டால் திரும்ப ஏற்றுவது சுலபம்.

இந்த வேலைக்கு நாள் கூலிதான், காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

ஓட்டை எடுத்துட்டுத் தகரம் போட்டா அதே கைமரம் தாங்குமா?

எடை குறைகிறது, தாங்கும். கவலை வேறு இடத்தில். ஓடு தன் கனத்தாலேயே உட்கார்ந்திருந்தது. தகரத்தைக் காற்று அடியிலிருந்து தூக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த ஊர்ப் பழமொழி, தகரம் எம்மாத்திரம். தகரத்தை ரீப்பரோடும், ரீப்பரைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும் போல்ட், பட்டை போட்டு இறுக்க வேண்டும். பழைய சுவரில் கைமரம் சும்மா சொருகி நிற்கும். அதைக் கட்டாமல் தகரம் மட்டும் மாற்றினால் கூரையோடு போகும். வெக்கையையும் யோசியுங்கள். திருமங்கலத்துச் சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே பகலில் உட்கார முடியாது.

பழைய மரம் வாங்கலாமா? காரைக்குடில கிடைக்குமாமே?

கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தபோது வந்த பர்மா தேக்கு நிலை, தூண், கதவு எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இருக்கின்றன. பல வருஷம் காய்ந்த மரம், இனி அதிகம் அசையாது. முழு நிலையாக வாங்கினால் உங்கள் வாசலை அந்த அளவுக்குக் கட்ட வேண்டும் என்பதால், சுவர் எழுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள். உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். அறுக்கும்போது வாள் பல் போகும் என்று மில்லில் கூலி கூட்டிக் கேட்பார்கள்.

அலமாரிக்குச் சதுர அடி ரேட் சொல்றாங்க. எந்தச் சதுர அடி?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சிலர் முன்பக்கத்தை மட்டும் அளப்பார்கள். சிலர் உள்ளே போடும் பலகை அத்தனையையும் அளப்பார்கள். நான்கு அடி அகலம், ஏழு அடி உயரம், இரண்டு அடி ஆழம் உள்ள அலமாரிக்கு முன்பக்கம் 28 சதுர அடி. உள்ளே கணக்குப் போட்டால் பக்கம் இரண்டும் 28, மேலும் கீழும் 16, முதுகு 28, கதவு 28, நான்கு தட்டு 32, மொத்தம் 132. இரண்டு பேர் சொல்லும் ரேட்டை ஒப்பிடும் முன் இருவரும் ஒரே மாதிரி அளக்கிறார்களா என்று பாருங்கள்.

எட்டுக்கு நான்கு பிளைவுட் ஒரு தாள் 32 சதுர அடி. மேலே சொன்ன அலமாரிக்கு நான்கு தாளுக்கு மேல் பிடிக்கும், முதுகுக்கு மெல்லிய தாள் போதும். அடுப்பங்கரைத் தொட்டிக்குக் கீழே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் தாளைக் கேளுங்கள். தண்ணீர் படாத படுக்கையறைக்கு ஐ.எஸ். 303 போதும். முத்திரை தாளிலேயே அச்சாகி இருக்கும். வெட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

வெளிமாநில டீம் சீக்கிரம் முடிக்கிறாங்க. உள்ளூர் ஆசாரி வேணுமா?

ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் பக்கமிருந்து வரும் ஆட்கள் பிளைவுட் வேலையில் கெட்டிக்காரர்கள். வீட்டிலேயே தங்கி, வேகமாக முடிப்பார்கள். அலமாரிக்கு அவர்களை வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. நிலைக்கும் கதவுக்கும் கூரைக்கும் உள்ளூர் ஆசாரியைத்தான் சொல்வேன். மரக்கதவு முதல் இரண்டு மழைக்கு அசையும். அப்போது சைக்கிளில் வந்து பத்து நிமிஷம் இழைத்துக் கொடுக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சென்ட்ரிங் பலகையை எப்போ பிரிக்கலாம்? சீக்கிரம் பிரிச்சா வாடகை மிச்சம்னு சொல்றாங்க.

இதில் அவசரம் கூடவே கூடாது. கான்கிரீட்டுக்கான தர விதி ஐ.எஸ். 456 சொல்வது இது: நான்கரை மீட்டர் வரை நீளும் தளத்துக்கு அடியில் முட்டுக்கட்டை 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் நீண்டால் 14 நாள். ஆறு மீட்டர் வரை உள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் நீண்டால் 21 நாள். பக்கப் பலகையை மட்டும் மறுநாளே எடுக்கலாம். மேலே அடுத்த மாடி வேலை நடந்தால் இன்ஜினியர் சொல்லும் வரை கீழே நிற்கும் முட்டுக்கட்டைகளை அசைக்க விடாதீர்கள்.

வேலை செய்யும்போது அடிபட்டா யார் பொறுப்பு?

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது உங்கள் கடமை, அதில் பேச்சே இல்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது, தச்சு வேலை செய்கிறவர்களும் அதில் பதியலாம். விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி எல்லாம் உண்டு. பதிந்து, புதுப்பித்து வைத்திருக்கிறாரா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். இல்லையென்றால் பதியச் சொல்லுங்கள். கையில் பிடித்து ஓட்டும் மின்சார வாளில் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்து ஓட்டினால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பாதி வேலையில ஆசாரி வர்றதை நிறுத்திட்டார். வேற ஆளைக் கூப்பிடலாமா?

முதலில் நேரில் போய்ப் பாருங்கள். போனை எடுக்காததற்கு வீட்டில் சாவு, காய்ச்சல், கூட வந்த ஆள் போய்விட்டது என்று பல காரணம் இருக்கும். கொடுத்த பணத்துக்கு மேல் வேலை நடந்திருந்தால் அவருக்கு வர வேண்டியதையும் யோசியுங்கள். பாக்கி கிடைக்காமல் ஒதுங்கிய ஆசாரிகளையும் எனக்குத் தெரியும். ஒரு தேதி கேளுங்கள். அந்தத் தேதியும் தாண்டினால் அவரிடம் சொல்லிவிட்டே வேறு ஆளைக் கூப்பிடுங்கள். சொல்லாமல் மாற்றினால், ஒரே ஊரில் புது ஆசாரியும் தயங்குவார்.

மாற்றும் முன் அவர் முன்னிலையில் முடிந்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அந்த வெள்ளைத்தாளிலேயே குறித்துக் கணக்கை முடியுங்கள். அறுத்து வைத்த சட்டங்களில் எது எந்த வாசலுக்கு என்று அவரிடமே கேட்டு, சட்டத்தின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது தெரியாவிட்டால் புதிதாக வருகிறவர் மறுபடியும் மரம் வாங்கச் சொல்வார்.